வெளியார் மென்பொருளை இணைக்கும் முடிவுகளும் எழுதிவைக்க வேண்டிய காரணங்களும்

திருப்பூரிலிருந்து ஒரு கண்டெய்னர் தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் புறப்படுவதற்குள், அந்தச் சரக்குக்கான பில் எத்தனை மென்பொருள்களைத் தொட்டுச் செல்கிறது என்று எண்ணிப் பார்த்தால் ஐந்துக்குக் குறைவதில்லை. பேக்கிங் லிஸ்ட் முடிந்ததும் கம்பெனியின் உற்பத்தி மென்பொருளில் பில் உருவாகிறது. அது விற்பனை பில்களைப் பதிவுசெய்யும் அரசின் இ-இன்வாய்ஸ் தளத்துக்குப் போய், ஐஆர்என் எனப்படும் 64 எழுத்துகள் கொண்ட பதிவு எண்ணையும் கையொப்பமிட்ட க்யூஆர் குறியீட்டையும் வாங்கிக்கொண்டு திரும்புகிறது. லாரி சரக்கை ஏற்றிச் செல்வதற்கான இ-வே பில் எடுக்கப்படுகிறது. கணக்குப் பிரிவு வைத்திருக்கும் டேலி என்ற கணக்கு மென்பொருளில் பதிவு ஏறுகிறது. சுங்கத் துறையின் ஐஸ்கேட் தளத்தில் ஏற்றுமதிக்கான ஷிப்பிங் பில் தாக்கலாகிறது. வண்டி கிளம்பிய தகவல் குறுஞ்செய்தியாகப் போகிறது. இவற்றில் கம்பெனி தனக்கென்று சொல்லி எழுதிவாங்கியது முதல் மென்பொருள் மட்டும்தான். மற்ற அனைத்தும் வேறு யாரோ கட்டியவை, வேறு யாரோ நடத்துபவை, நம்மைக் கேட்காமலே மாறுபவை.

இந்த இணைப்புகள் ஒவ்வொன்றின் பின்னாலும் ஒருவர் எடுத்த முடிவு இருக்கிறது. அரசுத் தளத்தோடு நேராகப் பேசுவதா, இடையில் ஒரு நிறுவனத்தை வைத்துப் பேசுவதா. பில் போட்ட உடனே அனுப்புவதா, இரவில் மொத்தமாக அனுப்புவதா. பதில் வராவிட்டால் மறுபடி அனுப்புவதா, பொறுத்திருந்து விசாரிப்பதா? என்ன முடிவெடுத்தார்கள் என்பது நிரலைப் படித்தால் தெரிந்துவிடும். ஏன் அப்படி எடுத்தார்கள் என்பதை நிரல் சொல்லாது. நம் வீட்டுக்குள்ளேயே எழுதிய மென்பொருளாக இருந்தால், தேவைக் குறிப்புகளையும் பழைய நிரலையும் துருவி, காரணத்தை ஓரளவுக்காவது மீட்டுவிடலாம். வெளியார் மென்பொருளோடு நம்முடையது சேரும் இடத்தில் அதுவும் முடியாது. ஏனென்றால் காரணத்தின் பாதி அவர்கள் பக்கத்தில், நாம் பார்க்க முடியாத இடத்தில் இருக்கிறது. அதனால் இந்த வகை முடிவுகளில் எதைத் தேர்ந்தெடுத்தோம் என்று எழுதுவதோடு, அன்றைக்கு அவர்களுடைய மென்பொருளைப் பற்றி நாம் எதையெல்லாம் நம்பியிருந்தோம், எதை வைத்து நம்பினோம் என்பதையும் எழுதிவைக்க வேண்டும். இக்கட்டுரை வற்புறுத்துவது அந்த இரண்டாவது பாதியைத்தான்.

கொங்கு நாட்டுத் தொழிலுக்கு வெளியாரை நம்பி வேலை செய்வது புதிதல்ல. நிட்டிங் ஓரிடம், டையிங் ஓரிடம், காம்பாக்டிங் இன்னோரிடம், பிரிண்டிங் வேறிடம் என்று துணி ஊரைச் சுற்றி வந்துதான் பனியனாகிறது. ஜாப் ஒர்க்குக்குப் போகும் ஒவ்வொரு ரோலுக்கும் டெலிவரி சலான் உண்டு. லாட் எண், டயா, ஜிஎஸ்எம், எடை எல்லாம் அதில் ஏறும். அனுப்பிய சரக்கு ஓராண்டுக்குள் திரும்ப வேண்டும் என்று ஜிஎஸ்டி சட்டமே சொல்கிறது. எது, எங்கே, எப்போது போனது என்பதற்கு இத்தனை தாள் இருக்கிறது. ஆனால் மூன்று ஆண்டுகளாகத் துணி கொடுத்துவந்த சாயப்பட்டறையை விட்டு இன்னொன்றுக்கு ஏன் மாறினார்கள் என்பதற்கு ஒரு தாளும் இருக்காது. அது முதலாளியின் மனதிலும் ஃபேப்ரிக் மேனேஜரின் மனதிலும் இருக்கும். 2011 ஜனவரியில் நொய்யல் மாசுபாட்டு வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டுத் திருப்பூரின் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது, எந்த நிறத்தை எந்தப் பட்டறைக்கு எந்தக் காரணத்துக்காகக் கொடுத்துவந்தோம் என்பது மனதில் இருந்தவர்களைச் சுற்றித்தான் மாற்று ஏற்பாடுகள் அத்தனையும் நடக்க வேண்டியிருந்தது. மென்பொருள் வேலையிலும் நிலைமை இதேதான். ஒரு வேறுபாடு உண்டு: ஃபேப்ரிக் மேனேஜர் இருபது ஆண்டுகள் அதே கம்பெனியில் இருப்பார், மென்பொருள் எழுதியவர் இரண்டாண்டில் பெங்களூருக்குப் போய்விடுவார்.

எங்கள் குழுவில் நடந்த ஒன்றைச் சொன்னால் விஷயம் விளங்கும். இ-இன்வாய்ஸ் கட்டாயம் 2020 அக்டோபர் 1 அன்று 500 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களிடம் தொடங்கி, 2021 ஜனவரியில் 100 கோடிக்கும், ஏப்ரலில் 50 கோடிக்கும் இறங்கியது. அந்த ஏப்ரலில் வரம்புக்குள் வந்த ஒரு பின்னலாடைக் கம்பெனிக்கு, கோவை சரவணம்பட்டியில் இருக்கும் எங்கள் குழு இணைப்பை எழுதிக் கொடுத்தது. அரசுத் தளத்தோடு பேசுவதற்கு ஓர் இடைநிலை நிறுவனத்தின் சேவையை எடுத்துக்கொண்டோம். பில்லை அனுப்பிப் பதில் வராவிட்டால், ஏழு நிமிடம் பொறுத்திருந்து, அந்தப் பில் எண்ணுக்கு ஏற்கெனவே ஐஆர்என் விழுந்திருக்கிறதா என்று விசாரித்து, இல்லையென்றால் மட்டுமே மறுபடி அனுப்ப வேண்டும் என்று நிரல் அமைந்தது. ஏன் ஏழு நிமிடம் என்று யாரும் எழுதிவைக்கவில்லை.

இரண்டு ஆண்டு கழித்து, குழுவுக்குப் புதிதாக வந்த ஒரு தம்பி அந்தப் பகுதியைச் செப்பம் செய்தார். பேக்கிங் பிரிவிலிருந்து, பில் வரத் தாமதமாகிறது, வண்டி நிற்கிறது என்று தொடர்ந்து புகார் வந்துகொண்டிருந்தது. ஏழு நிமிடக் காத்திருப்புக்குக் காரணம் எதுவும் கண்ணில் படவில்லை. அதை எடுத்துவிட்டு, பதில் வராவிட்டால் உடனே மறுபடி அனுப்பும்படி மாற்றினார். நன்கு சோதித்துத்தான் மாற்றினார்; சோதனைத் தளத்தில் எல்லாம் சரியாக வந்தது. மாதக் கடைசியில் ஒரு மாலை, பதில் மெதுவாக வந்த நேரத்தில், முதல் கோரிக்கை இடைநிலை நிறுவனத்தின் வரிசையில் நின்றுகொண்டிருக்கும்போதே இரண்டாவது கோரிக்கையும் போய்ச் சேர்ந்தது. முதலாவது பதிவாகிவிட்டதால் இரண்டாவதற்கு, இந்தப் பில் ஏற்கெனவே உள்ளது என்று பிழைச் செய்தி வந்தது. எங்கள் மென்பொருள் அதைத் தோல்வி என்று எடுத்துக்கொண்டு, அதே சரக்குக்குப் புதிய எண்ணில் இன்னொரு பில் போட்டு, அதற்கும் ஐஆர்என் வாங்கிவிட்டது.

மூன்று நாள் கழித்துக் கணக்குப் பிரிவு அக்கா தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, ஒரே கண்டெய்னருக்கு ரெண்டு பில்லு நிக்குதுங்க. எது நெசம்னு நீங்கதான் சொல்லோணும்" என்றார். ஐஆர்என் பெற்ற பில்லை அந்தத் தளத்தில் 24 மணி நேரத்துக்குள்தான் ரத்து செய்ய முடியும்; அந்தக் கெடு தாண்டியிருந்தது. ஐஆர்என் பெற்ற பில், விற்பனையை அரசுக்குக் காட்டும் ஜிஎஸ்டிஆர்-1 படிவத்தில் தானாகவே போய் உட்காரும் என்பதால் கண்டும் காணாமல் விடவும் வழியில்லை. கூடுதல் பில்லை ஈடுகட்டும் கிரெடிட் நோட் போட்டு, அதற்கும் ஐஆர்என் வாங்கி, ஆடிட்டரிடம் விளக்கம் எழுதிக் கொடுத்துத்தான் அது முடிந்தது. அந்தத் தம்பி மேல் எந்தத் தவறும் இல்லை என்பதை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பிறகு விசாரித்தபோது, 2021இல் அந்த நிரலை எழுதியவரின் பழைய வாட்ஸ்அப் உரையாடலில் காரணம் கிடைத்தது. நெரிசல் நேரத்தில் கோரிக்கை ஐந்து நிமிடம் வரை தங்கள் வரிசையில் நிற்கக்கூடும் என்று இடைநிலை நிறுவனத்தின் தொழில்நுட்பப் பிரிவில் ஒருவர் தொலைபேசியில் சொல்லியிருக்கிறார்; இவர் பாதுகாப்புக்கு இரண்டு நிமிடம் கூட்டி ஏழு என்று வைத்திருக்கிறார். ஒரே ஒரு வாக்கியம். அது நிரலுக்குப் பக்கத்தில் இருந்திருந்தால் இத்தனையும் நடந்திருக்காது.

அந்த ஒரு வாக்கியத்தை வைப்பதற்கான இடம் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட வேண்டியதில்லை. மென்பொருள் கட்டமைப்பு என்பது பெட்டிகளும் அம்புக்குறிகளும் கொண்ட படம் மட்டுமல்ல, அந்த வடிவத்துக்குக் கொண்டுவந்த முடிவுகளின் தொகுப்பும்தான் என்ற பார்வையை 2004, 2005 வாக்கில் யான் போஷ், ஃபிலிப் குருஷ்டென் போன்ற ஆய்வாளர்கள் முன்வைத்தார்கள். 2011 நவம்பரில் மைக்கேல் நைகார்ட் என்ற மென்பொருள் வல்லுநர் அதை நடைமுறைக்கு ஏற்றபடி சுருக்கினார்: முக்கியமான முடிவு ஒவ்வொன்றுக்கும் ஒன்றிரண்டு பக்க அளவில் ஒரு கோப்பு, அதில் தலைப்பு, நிலை, சூழல், முடிவு, விளைவுகள் என்று ஐந்து பகுதிகள், கோப்புகளுக்கு வரிசை எண், அவை நிரலையும் அதன் மாற்றங்களையும் சேர்த்துவைக்கும் அதே களஞ்சியத்தில் நிரலோடு சேர்ந்தே இருக்கும். முடிவு மாறினால் பழைய கோப்பைத் திருத்துவதில்லை. புதிய கோப்பு எழுதி, பழையதன் நிலையை மட்டும், இன்ன எண்ணால் மாற்றப்பட்டது என்று குறிப்பார்கள். கோவை அலுவலகங்களில் இதை ஏடிஆர் (ஆர்க்கிடெக்சர் டிசிஷன் ரெக்கார்டு) என்றே சொல்கிறோம். இக்கட்டுரையில் முடிவுப் பதிவு என்று சொல்கிறேன். கட்டமைப்பு விளக்கத்துக்கான பன்னாட்டுத் தரமான ஐஎஸ்ஓ 42010உம் முடிவுகளையும் அவற்றின் நியாயங்களையும் பதிவதை விளக்கத்தின் ஒரு பகுதியாகவே கொள்கிறது.

நைகார்டின் வடிவம் எளிமையானது. அந்த எளிமைதான் அதன் பலம். ஆனால் வெளியார் இணைப்புகளுக்கு அதை அப்படியே பயன்படுத்தும்போது ஒரு குறை தெரிகிறது. சூழல் என்ற பகுதியில் எழுதப்படும் வாக்கியங்கள் எல்லாம் ஒரே உறுதியோடு நிற்கின்றன. ஒப்பந்தத்தில் எழுதியிருப்பது, நாமே சோதித்துப் பார்த்தது, யாரோ தொலைபேசியில் சொன்னது, நாமாக ஊகித்தது ஆகிய நான்கும் படிப்பவருக்கு ஒரே மாதிரித்தான் தெரியும். உள்வீட்டு முடிவுகளில் இது பெரிய பிசகல்ல. சந்தேகம் வந்தால் நிரலைத் திறந்து பார்த்துக்கொள்ளலாம். வெளியார் மென்பொருளைத் திறந்து பார்க்க முடியாது. ஆகவே நாங்கள் சூழல் பகுதியில் ஒவ்வொரு கூற்றுக்கும் கீழே, எப்படித் தெரியும் என்ற ஒரு வரியைச் சேர்த்தோம். நடந்த பிசகுக்குப் பின் அந்த இணைப்புக்காக எழுதிய பதிவு கிட்டத்தட்ட இப்படி இருந்தது:

பதிவு எண் 14. தலைப்பு: இ-இன்வாய்ஸ் தளத்தை இடைநிலை நிறுவனம் வழியாக இணைத்தல்.

நிலை: ஏற்கப்பட்டது. முடிவு எடுத்தது 2021 ஏப்ரல். எழுதியது 2023 செப்டம்பர்.

சூழல்: நிறுவனங்களுக்குப் போடும் விற்பனை பில்களுக்கும் ஏற்றுமதி பில்களுக்கும் ஐஆர்என் கட்டாயம். எப்படித் தெரியும்: அரசு அறிவிப்பு. பில்லின் எண் 16 எழுத்துகளைத் தாண்டக் கூடாது. எப்படித் தெரியும்: ஜிஎஸ்டி விதி 46. பில்களில் பெரும்பகுதி மாலை ஐந்து மணிக்கு மேல், மாதக் கடைசி வாரத்தில் விழுகிறது. எப்படித் தெரியும்: எங்கள் தரவிலிருந்து. பதில் வராததால் பில் பதிவாகவில்லை என்று கொள்ள முடியாது. எப்படித் தெரியும்: 2023இல் நேரில் பட்டது. நெரிசலில் கோரிக்கை ஐந்து நிமிடம் வரை வரிசையில் நிற்கலாம். எப்படித் தெரியும்: 2021இல் தொலைபேசியில் சொன்னது, அவர்களுடைய ஆவணத்தில் இல்லை, நாங்கள் அளக்கவில்லை.

கருதிய மற்ற வழிகள்: அரசு தரும் இலவசக் கருவியில் பில்களைத் தொகுத்துக் கோப்பாக ஏற்றுவது. வண்டி நிற்கும்போது ஒரு பில்லுக்காக அதைச் செய்வது நடைமுறைக்கு ஒத்துவராது என்று பேக்கிங் பிரிவு சொன்னதால் விட்டோம். கணக்கு மென்பொருளிலிருந்தே ஐஆர்என் எடுப்பது. பில் எங்கள் மென்பொருளில் பிறப்பதாலும், கணக்கறை இரவு எட்டு மணிக்கு மூடிவிடுவதாலும் விட்டோம்.

முடிவு: இடைநிலை நிறுவனத்தின் ஏபிஐ (மென்பொருளோடு மென்பொருள் பேசும் வழி) வழியாக, பில் போட்ட உடனே அனுப்புவோம். பதில் வராவிட்டால் ஏழு நிமிடம் பொறுத்து, பில் எண்ணைக் கொண்டு விசாரித்த பிறகே மறுபடி அனுப்புவோம். ஏற்கெனவே உள்ளது என்ற பதிலை வெற்றியாகக் கொண்டு, இருக்கும் ஐஆர்என்னை எடுத்துக்கொள்வோம். எந்த நிலையிலும் மென்பொருள் தானாகப் புதிய பில் எண் போடாது.

விளைவுகள்: நெரிசல் நேரத்தில் ஒரு வண்டி ஏழு நிமிடம் கூடுதலாக நிற்கலாம், டெஸ்பாட்ச் மேனேஜர் ஒப்புக்கொண்டார். நிறுவனத்தை மாற்ற நேர்ந்தால் மாற்ற வேண்டிய நிரல் ஒரே கோப்புறைக்குள் இருக்கும்.

மறுபடி திறக்க வேண்டிய நேரம்: இடைநிலை நிறுவனத்தின் ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது, வரிசைக் காலத்தை அவர்கள் எழுத்தில் உறுதி செய்தால், ஐஆர்என் விதிகளில் மாற்றம் அறிவிக்கப்பட்டால்.

இந்தப் பதிவில் நான் மிகவும் மதிக்கும் வரி, நாங்கள் அளக்கவில்லை என்பதுதான். எழுதும்போது குழுவில் சிலருக்கு அதில் தயக்கம் இருந்தது. வாடிக்கையாளர் படித்தால் என்ன நினைப்பார் என்று கேட்டார்கள். ஆனால் அந்த வரிதான் அடுத்து வருபவருக்கு வேலை கொடுக்கிறது. அதைப் படித்த ஒருவர் அளந்து பார்த்து, ஏழு நிமிடத்தை மூன்றாகக் குறைக்கலாம். காரணம் தெரிந்து குறைப்பார், விசாரணையை விட்டுவிடாமல் குறைப்பார். உறுதியாகத் தெரிந்ததையும் தெரியாததையும் கலந்து ஒரே குரலில் எழுதிய பதிவு, பதிவே இல்லாததைவிட ஆபத்தானது என்று நான் நினைக்கிறேன். பதிவு இல்லையென்றால் ஒருவர் சந்தேகப்படவாவது செய்வார்.

கைவிட்ட வழிகளை எழுதுவதும் அதே அளவு முக்கியம். வெண்டர்கள் ஆண்டுக்கு ஒருமுறை வந்து, எங்களிடம் இது இருக்கிறது, அது இருக்கிறது என்று காட்டுவார்கள். 2021இல் ஒத்துவராத வழி 2024இல் ஒத்துவரக்கூடும். அன்று எதற்காக விட்டோம் என்று தெரிந்தால், அந்தக் காரணம் இன்னும் இருக்கிறதா என்ற ஒரு கேள்வியோடு பேச்சை முடித்துவிடலாம். தெரியாவிட்டால் முழு ஆராய்ச்சியும் முதலிலிருந்து தொடங்கும்.

விளைவுகள் பகுதியில் பெரும்பாலானவர்கள் நல்ல விளைவுகளை மட்டும் எழுதுகிறார்கள். டேலி இணைப்பை எடுத்துக்கொள்வோம். இரண்டு மென்பொருள்களைச் சேர்க்கும் வழிகளை 2003இல் கிரெகர் ஹோப், பாபி வுல்ஃப் இருவரும் தங்கள் நூலில் நான்காக வகுத்தார்கள்: கோப்புப் பரிமாற்றம், பொதுவான தரவுத்தளம், நேரடி அழைப்பு, செய்தி வரிசை. டேலி எக்ஸ்எம்எல் கோப்பாகவும் வாங்கிக்கொள்ளும். இயல்பாக 9000 என்ற போர்ட்டில் (இணைப்பு வாயிலில்) நேரடி அழைப்பையும் ஏற்கும். நேரடி அழைப்பைத் தேர்ந்தால் பதிவு உடனுக்குடன் ஏறும். ஒருவரும் கோப்பைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம். அதே சமயம், கணக்கறையில் அந்த ஒரு கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், அதில் டேலி திறந்திருக்க வேண்டும், உரிய கம்பெனியும் திறந்திருக்க வேண்டும். இரவில் விளக்கை அணைத்துவிட்டுப் போகும் ஆபீஸ் பையனுக்கு இது தெரிந்திருக்க வேண்டும் என்பது அந்த முடிவின் விளைவு. எங்கள் பதிவில் அது அப்படியே இருக்கிறது: கணக்கறையின் சன்னலோரக் கம்ப்யூட்டரை இரவில் அணைக்கக் கூடாது; அந்த மேசை மேல் சீட்டு ஒட்டப்பட்டுள்ளது. கட்டமைப்பு ஆவணத்தில் மேசையும் சீட்டும் எதற்கு என்று ஒருவர் கேட்கலாம். அந்த இணைப்பு நிற்பதும் விழுவதும் அந்தச் சீட்டில்தான் இருக்கிறது என்னும்போது, அதற்கு ஆவணத்தில் இடம் கொடுப்பதே நேர்மை.

வெளியேறும் செலவும் விளைவுதான். எரிக் எவான்ஸ் 2003இல் தம் நூலில் பெயர் வைத்த தடுப்படுக்கு முறையை இங்கே பலரும் கையாள்கிறார்கள். அதாவது, வெளியார் மென்பொருளின் சொற்களும் தரவு வடிவங்களும் நம் மென்பொருளின் உள்ளே நுழைந்து பரவாமல், எல்லையில் ஓர் அடுக்கை வைத்து மொழிபெயர்த்துக்கொள்வது. நல்ல முறை, ஆனால் அதற்கும் செலவு உண்டு, எல்லா இணைப்புக்கும் அது தேவைப்படாது. மாற்ற வாய்ப்பே இல்லாத அரசுத் தளத்துக்கு ஒருவிதமாகவும், எப்போது வேண்டுமானாலும் மாற்றக்கூடிய எஸ்எம்எஸ் சேவைக்கு வேறுவிதமாகவும் முடிவு செய்யலாம். எதற்கு அடுக்கு வைத்தோம், எதற்கு வைக்காமல் விட்டோம் என்பதைக் காரணத்தோடு பதிந்துவிட்டால், விட்ட இடத்தைக் கவனக்குறைவு என்று பின்னால் வருபவர் நினைக்க மாட்டார்.

பதிவை மறுபடி திறக்க வேண்டிய நேரத்தை ஏன் தனிப் பகுதியாக வைக்கிறோம் என்பதற்கு, அண்மை ஆண்டுகளில் நடந்தவையே போதிய காரணம். 2018 ஜூலையில் கூகுள் மேப்ஸின் கட்டண முறை மாறியது; பில்லிங் கணக்கும், நாம் யார் என்று காட்டும் ஏபிஐ சாவியும் இல்லாமல் அதைப் பயன்படுத்த முடியாமல் போனது. நாமக்கல், சங்ககிரிப் பக்கத்து லாரிகளின் இருப்பிடத்தை வரைபடத்தில் காட்டும் மென்பொருள் எதுவானாலும், வரைபடம் இலவசம் என்ற நம்பிக்கையின் மேல் கட்டப்பட்டிருந்தால், அந்த நம்பிக்கை அன்றே காலாவதியானது. 2021 மார்ச் 8 அன்று, முன்பதிவு செய்த வாசகத்தோடு ஒத்துப்போகாத வணிகக் குறுஞ்செய்திகளைத் தடுக்கும் முறை தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் விதிப்படி நடைமுறைக்கு வந்தது. நாடு முழுவதும் ஓடிபி வராமல் தவிப்பு ஏற்பட்டு, மறுநாளே அதை ஏழு நாள் நிறுத்திவைத்தார்கள். செய்தியின் வாசகத்தை நாம் விரும்பியபடி மாற்றிக்கொள்ளலாம் என்பதும் ஒரு கட்டமைப்பு முடிவின் அடியில் இருந்த அனுமானம்தான். அதை யாரும் அனுமானம் என்று நினைக்காததால் எழுதியிருக்கவில்லை. 2022 அக்டோபர் 1 முதல் ரிசர்வ் வங்கியின் விதிப்படி, வாடிக்கையாளரின் கார்டு எண்ணை விற்பனையாளர் தம்மிடம் சேமித்துவைக்க முடியாது. மூன்றிலும் நம் நிரலில் ஒரு வரிகூட மாறவில்லை. ஆனால் நம் முடிவு தவறாகிவிட்டது. சாய்பாபா காலனியில் உட்கார்ந்து எழுதினாலும் சான்பிரான்சிஸ்கோவில் உட்கார்ந்து எழுதினாலும் இந்த வகை முடிவுக்கு ஆயுள் வெளியார் கையில்தான் இருக்கிறது.

அதனால் வெளியாரின் ஆவணத்தைப் பார்த்து எழுதும்போது அதன் பதிப்பு எண்ணையும், நாம் பார்த்த தேதியையும் சேர்த்துக் குறிக்க வேண்டும். முடிந்தால் அந்தப் பக்கத்தின் ஒரு பிரதியையும் பக்கத்தில் வைத்துவிட வேண்டும். இணையப் பக்கங்கள் சத்தமில்லாமல் மாறும். முன்பு இப்படித்தான் எழுதியிருந்தீர்கள் என்று வெண்டரிடம் பேசும்போது கையில் பிரதி இருந்தால் பேச்சு ஐந்து நிமிடத்தில் முடியும். விலைப்பட்டியல், ஒரு நிமிடத்துக்கு எத்தனை கோரிக்கை என்ற வரம்பு, ஒப்பந்தம் முடியும் நாள் ஆகியவற்றையும் இதே இடத்தில் குறிக்கலாம். கடவுச்சொல்லும் சாவியும் மட்டும் இந்தக் கோப்புக்குள் ஒருபோதும் வரக் கூடாது.

எல்லாவற்றுக்கும் பதிவு எழுதத் தேவையில்லை. தேதியை வடிவமைக்கும் ஒரு சிறு நூலகத்தைச் சேர்த்ததற்குப் பதிவு எழுதினால், நாற்பது கோப்புகள் சேர்ந்து, ஒருவரும் படிக்கமாட்டார்கள். திரும்ப மாற்ற ஒரு வாரத்துக்கு மேல் ஆகுமா, தவறினால் பணமோ சரக்கோ சட்டமோ பாதிக்கப்படுமா என்ற இரண்டையும் கேட்டு, ஒன்றுக்காவது ஆம் என்றால் எழுதுகிறோம்.

எந்த மொழியில் எழுதுவது என்பது இங்கே பலரும் பேசாத கேள்வி. எங்கள் குழுவில் நாள் முழுதும் தமிழில்தான் வாதிடுகிறோம். திருப்பூரில் டெஸ்பாட்ச் மேனேஜரிடமும் கணக்குப் பிரிவிலும் கேட்டு வருவதும் தமிழில்தான். அதையெல்லாம் கேட்டுவிட்டு வந்து, முடிவை மட்டும் தட்டுத்தடுமாறி ஆங்கிலத்தில் நாலு வரி எழுதும்போது, நிரலின் பெயர்களும் வெண்டரின் சொற்களும் தங்கிவிடுகின்றன, காரணம் கரைந்துவிடுகிறது. வண்டி நிற்கக் கூடாது என்று மேனேஜர் சொன்னதில் இருந்த நெருக்கடி, தாமதம் குறைவாக இருக்க வேண்டும் என்ற பொதுவான வாக்கியமாகச் சுருங்கிவிடுகிறது. 2023இலிருந்து சூழல், கருதிய வழிகள், விளைவுகள் ஆகியவற்றைத் தமிழிலேயே எழுதுகிறோம். ஏபிஐ பெயர்கள், பிழைக் குறியீடுகள் வருகிறபடியே இருக்கும். யூனிகோடு வந்த பிறகு நிரல் களஞ்சியத்தில் தமிழ்க் கோப்பு வைப்பதில் எந்தச் சிக்கலும் இல்லை. வேறு மாநிலத்தவர் குழுவில் சேர்ந்தால் முடிவு என்ற பகுதியை மட்டும் ஆங்கிலத்திலும் சேர்த்து எழுதுகிறோம். இதனால் கிடைத்த பெரிய பலன், வாடிக்கையாளர் பக்கத்தவர்கள் படித்துவிட்டுத் திருத்தம் சொல்லத் தொடங்கியதுதான். பதிவு 14இல் கணக்கறை மூடும் நேரத்தை ஏழரை என்று எழுதியிருந்தோம். எட்டு மணி என்று திருத்தியவர் அந்தக் கணக்குப் பிரிவு அக்காதான்.

எழுதும் நேரமும் கவனிக்க வேண்டியது. முடிவு எடுத்து ஆறு மாதம் கழித்து எழுதினால், நடந்ததற்கு ஏற்ற காரணம் மனதில் தானாக உருவாகிவிடும். வெண்டரோடு பேசி முடித்த அதே நாளில், பேச்சில் கேட்டது காதில் இருக்கும்போதே, முன்மொழிவு என்ற நிலையில் ஒரு பக்கம் எழுதிவிடுவது நல்லது. ஏற்றுக்கொண்ட பிறகு நிலையை மாற்றினால் போதும். காத்திருப்பு நேரம் போன்ற விசித்திரமான எண் நிரலில் வரும் இடத்தில், அந்தப் பதிவின் எண்ணை ஒரு குறிப்பாக எழுதிவிட வேண்டும். நிரலைத் திருத்த வருபவர் கோப்புறையைத் தேடிப்போவார் என்று எதிர்பார்க்க முடியாது. அவர் கண் இருக்கும் இடத்துக்கு வழிகாட்டியைக் கொண்டுபோய் வைக்க வேண்டும். இப்போது அந்த ஏழு என்ற எண்ணுக்கு மேலே, பதிவு 14 பார்க்க, என்று இருக்கிறது.

2025 ஏப்ரலில், ஜூன் 1 முதல் இ-இன்வாய்ஸ் தளம் பில் எண்ணில் உள்ள சிறிய ஆங்கில எழுத்துகளைப் பெரிய எழுத்தாக மாற்றிக்கொண்டுதான் ஐஆர்என் உருவாக்கும் என்ற அறிவிப்பு வந்தது. களஞ்சியத்தில் பில் எண் என்று தேடியதும் பதிவு 9 கிடைத்தது. அனுப்பிய எண்ணும் திரும்பி வரும் எண்ணும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாகவே இருக்கும். அதை வைத்தே இரண்டையும் பொருத்துகிறோம் என்று அதில் இருந்தது. எப்படித் தெரியும் என்ற வரியில், 2023இல் சோதித்துப் பார்த்தது என்று எழுதியிருந்தது. சிறிய எழுத்தில் எண் போடும் பழக்கம் ஒரு யூனிட்டில் மட்டும் இருந்தது. அங்கே பில் எண்ணின் முன்னொட்டை மாற்றச் சொல்லிவிட்டு, பொருத்தும் இடத்தில் நிரலைத் திருத்தி, பதிவு 9 பதிவு 22ஆல் மாற்றப்பட்டது என்று குறித்தோம். பதிவு 22இன் சூழலை எழுதியவர், ஏழு நிமிடக் காத்திருப்பை எடுத்துவிட்ட அதே தம்பிதான்.